வன்னிக் காட்டு வழியே வந்த அப்போஸ்தலர்

ஆடி மாதமும் ஆவணி மாதமும் வந்துவிட்டால் வன்னிப் பெருநிலத்தின் வீதிகள் ஒரு புதுக்கோலம் கொள்ளும். கிளிநொச்சியிலிருந்தும், முல்லைத்தீவிலிருந்தும், வவுனியாவிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக மருதமடு மாதாவின் சந்நிதியை நோக்கிப் புறப்படுவர். வாகனங்களிற் செல்வோர் பலர். நேர்த்திக்கடனாகக் கால்நடையாகவே செல்வோரும் உளர். கத்தோலிக்கர் மாத்திரமா? சைவரும் செல்வர், பௌத்தரும் செல்வர். தமிழும் சிங்களமும் ஒரே மர நிழலிற் கலந்து ஒலிக்கும்.

இத்துணை மக்கள் இன்று அச்சமின்றி நடக்கும் இந்த வழிகள், ஒரு காலத்தில் அச்சத்தோடு மறைந்து நடந்தோரின் வழிகளாயிருந்தன என்பதை நம் இளைஞர் எத்தனை பேர் அறிவர்? முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், செருப்பில்லாத காலோடும், கூலியாளின் கந்தலாடையோடும், கழுத்திலே ஒரு செபமாலையோடும் இந்நாட்டுக்கு வந்து, காட்டையும் மேட்டையும் கடந்து நடந்த ஒரு மனிதரை உலகம் இன்று ‘இலங்கையின் அப்போஸ்தலர்’ என்று அழைக்கின்றது. அவரே யோசவ்வாஸ் அடிகளார். அவருடைய சரித்திரம் ஒரு மதத்தாருக்கு மாத்திரம் உரியதன்று. வன்னி மண்ணிற் பிறந்த எவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

அப்போஸ்தலர் என்றால் யார்?

‘அப்போஸ்தலர்’ என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ‘அனுப்பப்பட்டவர்’ என்பதே அதன் பொருள். இயேசுநாதர் தமக்கென்று பன்னிருவரைத் தெரிந்து, தமது போதனையை உலகெங்கும் எடுத்துச் செல்லுமாறு அவர்களை அனுப்பினார். அவர்களிற் சிலர் கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்த எளிய மனிதர். இராயப்பர் படகையும் வலையையும் விட்டுப் புறப்பட்டார். தோமையார் நம் அயல்நாடாகிய இந்தியாவுக்கு வந்து, மயிலாப்பூரில் உயிர் துறந்தார் என்பது நெடுங்கால மரபு. ஊரை விட்டார், உறவை விட்டார், முன்பின் அறியாத மக்களிடையே சென்று அவர்களுக்காக வாழ்ந்தார் என்பதே அப்போஸ்தலர் ஒவ்வொருவரின் வரலாற்றுச் சுருக்கமாகும்.

அந்தப் பன்னிருவருக்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் தோன்றிய ஒருவருக்கு அதே பெயரை மக்கள் சூட்டினர் என்றால், அதற்குக் காரணம் இருத்தல் வேண்டுமன்றோ? அக்காரணத்தை அறிய, அக்கால இலங்கையின் நிலையைச் சிறிது நோக்குவோம்.

குருக்களை இழந்த மக்கள்

பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் காலத்திற் கத்தோலிக்க சமயம் வட இலங்கையில் வேரூன்றியது. 1544ஆம் ஆண்டில் மன்னாரிற் புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்தோர் அறுநூறு பேர் வரையில் யாழ்ப்பாணத்து அரசனின் கட்டளையாற் கொல்லப்பட்டனர். எனினும் அச்சமயம் அழியவில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. ஊர்தோறும் கோவில்கள் எழுந்தன.

1658ஆம் ஆண்டிலே காற்றுத் திசை மாறியது. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தர் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கமோ அவர்களுடைய பகைவராகிய போர்த்துக்கேயரின் சமயம். ஆகவே கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் நீக்கப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுத்து மறைத்து வைப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்களிலே சீர்திருத்த சபையின் பிரசங்கங்கள் நடந்தன. ஊர்ப் பாடசாலைகளே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதியும் இடங்களாயின. பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டுமாயின், பெற்றோரின் விவாகம் ஒல்லாந்தர் ஏற்ற முறையில் நடந்திருத்தல் வேண்டும். இவ்வாறு, வாளினால் மாத்திரமன்றி ஏட்டினாலும் எழுத்தாணியினாலும் அம்மக்களின் சமயம் நெருக்கப்பட்டது.

இந்த நெருக்கடியிலேதான் வன்னிக் காடு ஒரு புகலிடமாயிற்று. 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் கோவிலிலிருந்த மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, மருதமடுவை அடைந்தன என்பது மரபு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியேறிய வேறொரு கூட்டத்தாரும் அவர்களோடு வந்து கூடினர் என்பர். வீட்டை விட்டார்கள், வயலை விட்டார்கள். சுரூபத்தை மாத்திரம் விடவில்லை. மருதமடுக் கோவிலின் தோற்றம் இதுவே.

சுரூபம் இருந்தது, செபம் இருந்தது, ஆயின் பூசை செய்யக் குருவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஒருவருமில்லை. மரிப்போரின் தலைமாட்டிலே நின்று இறுதி ஆறுதல் கூற ஒருவருமில்லை. தந்தை சொல்ல மகன் கேட்டு, தாய் சொல்ல மகள் கேட்டு, மந்திரங்களை மனனம் செய்தே அம்மக்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளைக் கழித்தனர்.

கோவையிற் கேட்ட குரல்

இச்செய்தி கடல் கடந்து கோவா நகருக்கு எட்டியது. அங்கே பெனோலிம் என்னும் ஊரில், 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி, கொங்கணி பேசும் பிராமண மரபைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர் யோசவ்வாஸ். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்று, 1676இற் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில், தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதித் தம் கைச்சாத்தையும் இட்டார். ‘அடிமை’ என்று எழுதியது வெறும் வார்த்தையன்று என்பதைப் பின்வந்த அவருடைய ஆண்டுகள் காட்டின.

இலங்கைக்குச் செல்லவேண்டும் என்பதே அவரது வேட்கை. ஆயின் மேலதிகாரிகள் 1681இல் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினர். அவர் முணுமுணுக்கவில்லை. அங்கே மூன்றாண்டுகள் உழைத்தார். திரும்பி வந்து, 1685இல், கோவாவின் உள்நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த ஒறற்றோரியச் சபையிற் சேர்ந்து, அதன் தலைவருமானார். ஒரு தலைவருக்குரிய மதிப்போடு கோவாவிலே இருந்துவிட்டிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ 1686இல், முப்பத்தைந்தாவது வயதில், பதவியைத் துறந்து புறப்பட்டார்.

அழைப்பு என்பது வானத்திலிருந்து இடிபோல ஒலிக்கும் ஒரு குரலென்று நாம் எண்ணுகின்றோம். அடிகளாருக்கு அது அவ்வாறு வரவில்லை. ‘அங்கே ஒருவருமில்லை’ என்ற செய்தியே அவருக்கு அழைப்பாயிற்று. ஒருவருமில்லாத இடத்துக்கு நான் ஏன் செல்லலாகாது என்ற கேள்வியே அவருடைய வாழ்க்கையின் திருப்பமாயிற்று.

கூலியாளின் கோலம்

குருவின் அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடிபடுவார். எனவே அங்கியைக் களைந்து, அரையிலே துணி கட்டிய கூலியாளாக மாறினார். உயர்குலம் என்று உலகம் மதித்த குலத்திற் பிறந்தவர், சாதி வேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்திலே, தாழ்ந்த வேலையாளின் வேடத்தை விரும்பி ஏற்றதை நாம் இலேசாகக் கருதுதல் கூடாது. யோவான் என்னும் பெயருடைய பணியாள் ஒருவர் மாத்திரம் துணையாக, தூத்துக்குடியிலிருந்து 1687இற் கப்பலேறினார்.

கடல் கொந்தளித்தது. உணவும் நீரும் குறைந்தன. புயலிலே அலைப்புண்ட கலம் மன்னார்ப் பக்கத்தைச் சேர்ந்தது. பின்னர் அவர்கள் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அடைந்தபோது இருவரும் கடும் வயிற்றளைச்சலினால் நடக்கவும் இயலாதவராயிருந்தனர். தொற்றுநோய் என்று அஞ்சி மக்கள் விலகினர். ஊருக்குப் புறம்பே கிடந்த அந்த இரு பரதேசிகளுக்கு, ஒரு பெண்மணி இரக்கங்கொண்டு கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆயின் அந்தக் கஞ்சி இல்லையேல் இலங்கைக்கு ஓர் அப்போஸ்தலர் இல்லை. பெரியோரின் வாழ்க்கைக்குப் பின்னால் இத்தகைய பெயர் தெரியாத கைகள் எத்தனையோ!

உடல் தேறியதும் அடிகளார் பிச்சைக்காரர்போல வீடு வீடாகச் சென்றார். கழுத்திலே செபமாலை தெரியும்படி அணிந்திருந்தார். அதைக் கண்டு முகம் மலர்பவர் யார், முகம் சுளிப்பவர் யார் என்று நோக்குவதே அவர் கையாண்ட உபாயம். இவ்வாறு மெல்ல மெல்லத் தம் மக்களைக் கண்டறிந்தார். சில்லாலை என்னும் ஊர் அவருக்கு அடைக்கலமளித்தது. பகலில் மறைந்திருந்து, இரவிலே வீடுகளிற் பூசை செய்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரவோடிரவாக அடுத்த ஊருக்குச் சென்றார். பிடிபட்டால் தமக்கு மாத்திரமன்றி, இடங்கொடுத்தவருக்கும் ஆபத்து என்பதை ஊர்மக்கள் அறிவர். அறிந்தும் கதவைத் திறந்தனர்.

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒல்லாந்தர் தேடுதல் நடத்தினர்; கிறிஸ்து பிறப்பு இரவிலே பூசைக்குக் கூடியிருந்த மக்கள் பலர் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அடிகளார் தப்பினார். தம்மால் மக்கள் மேலும் துன்புறலாகாதென்று கருதி, 1690இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கி, கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்தைச் சேர்ந்தார்.

வன்னியின் நடுவே

அக்காலத்து வன்னி எத்தகையது? வடக்கே யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர். தெற்கே மலைநாட்டிற் கண்டியரசன். இவ்விருவருக்கும் நடுவே பரந்து கிடந்த பெருங்காடே வன்னி. பாலையும் முதிரையும் வீரையும் ஓங்கிய காடு. யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவும் காடு. காய்ச்சல் மலிந்த காடு. இடையிடையே குளமும் குளத்தடியிலே சிற்றூரும். வன்னியர் என்னும் தலைவர்கள் அவ்வூர்களை ஆண்டு, ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தி வந்தனர். பட்டணத்துச் சட்டங்கள் காட்டின் எல்லையிலே களைத்து நின்றுவிடும். ஆதலால் துரத்தப்பட்டோருக்கு இக்காடு ஒரு கோட்டையாயிற்று.

பின்வந்த ஆண்டுகளில் மன்னார், மாந்தை, வன்னி ஆகிய பகுதிகளிற் சிதறிக் கிடந்த மக்களைத் தேடி அடிகளாரும் அவருடைய துணைக் குருமாரும் நடந்தனர். பல்லக்கில்லை, குதிரையில்லை, பெரும்பாலும் வெறுங்கால் நடையே. ஒரு குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் உண்டென்று கேட்டாலும் அந்நான்கு குடும்பங்களுக்காகக் காட்டைக் கடந்தனர்.

கண்டிச் சிறை

1692இல் அடிகளார் கண்டி நகருக்குச் சென்றார். அங்கே பிரெஞ்சுக்காரனான கல்வினிய மதத்தான் ஒருவன், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசனிடம் கோள் மூட்டினான். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான். சிறை அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அங்கேயே சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்ததும் ஒரு குடிசை அமைத்து அதிற் பூசை செய்யத் தொடங்கினார்.

நாட்டிலே மழை பொய்த்துப் பயிர் வாடியது. மன்னன் அடிகளாரையும் வேண்டுதல் செய்யுமாறு பணித்தான். வெளியிலே பீடம் அமைத்து அவர் மன்றாடியபோது பெருமழை பொழிந்தது என்பது கத்தோலிக்க மரபு. அதன்பின் மன்னன் அவருக்கு நாடெங்கும் சென்று போதிக்கும் சுதந்திரத்தை அளித்தான். ஒரு பௌத்த மன்னனின் பெருந்தன்மையினாலேயே இலங்கையிற் கத்தோலிக்கம் மீண்டும் மூச்சுவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது. அவனுக்குப் பின்வந்த நரேந்திரசிங்க மன்னனும் அடிகளாருக்கு ஆதரவளித்தான்.

1696இற் கோவாவிலிருந்து யோசே மெனேசெஸ், யோசே கர்வாலோ ஆகிய இரு குருமார் துணைக்கு வந்தனர். மறு ஆண்டிற் கண்டியிலே வைசூரி பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். நோயாளரை உறவினரே காட்டோரத்தில் விட்டுச் சென்றனர். அடிகளாரும் கர்வாலோவும் நகரிலேயே தங்கினர். குடிசைகள் அமைத்து நோயாளரைச் சேர்த்தனர், புண்ணைக் கழுவினர், உணவூட்டினர், மாண்டோருக்குத் தம் கையாற் குழி தோண்டினர். இவன் பௌத்தன், இவன் கத்தோலிக்கன் என்று அவர்கள் பார்க்கவில்லை. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்திலே நோயாளியாய்க் கைவிடப்பட்டுக் கிடந்தவருக்கு, கைவிடப்பட்டவரின் வேதனை தெரியாமற் போகுமா?

அவர் நட்ட பயிர்

அடிகளாரின் பணி அவரோடு முடியாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. தாம் எங்கும் எப்போதும் இருத்தல் இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால் ஊர்தோறும் பொறுப்புள்ள இல்லறத்தாரைத் தெரிந்து அவர்களிடம் பணியை ஒப்படைத்தார். மூப்பர் ஊரின் கோவிலைக் கவனிப்பார். அண்ணாவியார் சிறுவருக்கு மந்திரங்களையும் பாடல்களையும் கற்பிப்பார். குருவில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் கூடிச் செபிப்பர். தமிழிலிருந்து சென்ற ‘மூப்பு’, ‘அண்ணாவி’ என்னும் சொற்கள் சிங்களக் கத்தோலிக்க ஊர்களிலும் வழங்கியமை இம்முறை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சான்றாகும்.

1705இல் மேலும் குருமார் வந்தனர். அவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றி, இரு மொழிக் கத்தோலிக்க இலக்கியத்துக்கும் தந்தையெனப் போற்றப்படுகின்றார். இப்பணியில் ஈடுபட்ட அனைவரும் கோவாவின் உள்நாட்டுக் குருமாரே. அவர்களுக்குப் பின்னால் படையில்லை, கப்பலில்லை, ஐரோப்பிய அரசெதுவுமில்லை. ஆட்சியின் துணையோடு வந்த சமயம் ஆட்சியோடு போய்விடும் என்று எண்ணியோருக்கு இதுவே விடையாயிற்று.

மேற்றிராணிக்குரிய உயர்பதவி தம்மைத் தேடி வந்தபோது அடிகளார் அதை ஏற்க மறுத்தார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி, ஐம்பத்தொன்பதாவது வயதில், கண்டியிலே கண்மூடினார். இலங்கையில் இருபத்து நான்கு ஆண்டுகள் உழைத்த அவர், ஒருமுறையேனும் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. அவருடைய கல்லறை இருந்த இடமும் காலத்தால் மறைந்துபோயிற்று. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆங்கில அரசு 1806இல் நீக்கும்வரை, அவர் மூட்டிய விளக்கு அணையாமல் எரிந்தது.

1995 சனவரி 21இற் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பிலே அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தை அளித்தார். 2015 சனவரி 14இற் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இலங்கையின் முதற் புனிதர் அவரே. அன்று பிற்பகலே பாப்பரசர் மருதமடுவுக்கு வந்து, போரினாற் புண்பட்ட மக்களோடு செபித்தார்.

நமக்கு என்ன?

அந்தப் புண்ணை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மருதமடு வளவிலே தஞ்சமடைந்தனர். 1999 நவம்பரில் அங்கு வீழ்ந்த எறிகணைகளால் தஞ்சமடைந்திருந்தோர் பலர் மாண்டனர். 2008 ஏப்பிரலில் மாதாவின் சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது. 1670இல் மாந்தை மக்கள் சுரூபத்தைச் சுமந்து நடந்த அதே கதை, நம் கண்முன்னே மறுபடியும் நிகழ்ந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு கணத்தில் முடிவுசெய்து வீட்டுப்படியை விட்டிறங்கிய அனுபவம் வன்னியில் எந்தக் குடும்பத்துக்கு இல்லை?

அத்தகைய மக்களுக்கு யோசவ்வாஸ் அடிகளாரின் வாழ்க்கை கூறுவது ஒன்றுண்டு. எல்லாரும் ஓடி வெளியேறும் வழியிலே, எதிர்த்திசையில் உள்ளே நடந்து வந்தவர் அவர். கைவிடப்பட்டோரிடம் ஒருவர் வந்து சேர்ந்தாலே போதும், அவர்கள் மீண்டும் எழுந்துவிடுவர் என்பதற்கு அவரே சாட்சி.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை வைத்தியராவீர்கள், ஆசிரியராவீர்கள், உத்தியோகத்தராவீர்கள். கொழும்பும் வெளிநாடும் உங்களை அழைக்கும், அதிற் குற்றமில்லை. ஆயினும் வைத்தியர் போக விரும்பாத ஓர் ஊர், ஆசிரியர் நிலைக்காத ஒரு பாடசாலை, வன்னியின் காட்டோரங்களில் இன்றும் உண்டு. ‘அங்கே ஒருவருமில்லை’ என்ற செய்தி உங்கள் காதிலும் ஒருநாள் விழும். அது வெறுஞ் செய்தியா, அழைப்பா என்பதை அன்று நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த திருவிழாவுக்கு மருதமடுவுக்குச் செல்லும்போது, வழியிலே சற்று வாகனத்தை நிறுத்தி, காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கூலியாளின் கோலத்தில் நடந்த அந்த மனிதரைப்பற்றிச் சொல்லுங்கள். அவருக்குக் கஞ்சி வார்த்த அந்தப் பெயரறியாப் பெண்மணியைப்பற்றியும் மறவாமற் சொல்லுங்கள். எல்லாராலும் அப்போஸ்தலராக இயலாது. பசித்தவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுக்க எல்லாராலும் இயலும்.